சுத்த வாயு

செப்டம்பர் 4

ஆய்வகப் பதிவேட்டில் யாரையும் திட்டி எழுத முடியாது. அதற்காகவே இந்த டைரியை வாங்கினேன்.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இன்று வந்து அளந்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது தடவையாகத் தோற்றிருக்கிறோம். அக்டோபர் கடைசியில் மறுபடி வருவார்கள். அப்போதும் தோற்றால் ஆலைக்குப் பூட்டு. போகும்போது மேலாளர் குணசீலன் கொடுத்த இளநீரை மட்டும் மறுக்காமல் குடித்தார்கள்.

எங்கள் ஆலையில் பழுப்பு நிலக்கரியை அப்படியே எரிப்பதில்லை. நீராவியும் கொஞ்சம் காற்றும் கொடுத்துச் சூடேற்றி வாயுவாக்குகிறோம். அந்த வாயுவில் இன்ஜின் ஓடுகிறது, மின்சாரம் வருகிறது. ஆனால் நிலக்கரிக்குள் இருக்கும் நைட்ரஜன் சும்மா இருப்பதில்லை. அம்மோனியாவாகவும் கொஞ்சம் சயனைடாகவும் மாறி வாயுவோடு கிளம்பி வருகிறது. இன்ஜினில் எரிந்ததும் அதுவே நைட்ரஜன் ஆக்சைடாகி, புகைபோக்கி வழியாகக் காட்டுச்சாவடி காலனி மேல் இறங்குகிறது. அந்தக் காலனிப் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரே இருமலோடுதான் நடக்கிறது.

முன்பு வாயுவைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தோம். கழுவிய தண்ணீர் ஏரிக்குப் போய் மீனெல்லாம் மிதந்தது. ஊரே சாலையில் வந்து உட்கார்ந்தது. இப்போது என் திட்டம் வேறு. சூடான வாயுவை நிக்கல் உருண்டைகள் நிரப்பிய படுகை வழியாக அனுப்பினால் அம்மோனியா அங்கேயே உடைந்து, காற்றில் இருக்கும் சாதாரண நைட்ரஜனாகிவிடும். தண்ணீர் வேண்டாம், ஏரி வேண்டாம். பதினெட்டு வருடமாக இங்கே ஆய்வகத்தில் குப்பை கொட்டுகிறேன். இதையாவது உருப்படியாகச் செய்துவிட வேண்டும்.

இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் கணவர் தெய்வநாயகம். இதே ஆலையில் பராமரிப்பு ஃபோர்மேன். சாம்பார் கொதிக்கும்போதே கூடத்திலிருந்து, "உப்பு போடலியா?" என்று கேட்கிற மூக்கு அவருக்கு. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அந்த நெடி சுத்தமா போயிடுமா?" என்றார். போயிடும் என்றேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கை கழுவ எழுந்து போய்விட்டார்.

செப்டம்பர் 11

உருண்டைகளை நிரப்பி முடித்தோம். ஒப்பந்த ஃபிட்டர் கலியமூர்த்தி அவற்றுக்குச் சீடை என்று பெயர் வைத்துவிட்டான். இப்போது ஆலை முழுக்க அதே பெயர்தான். குணசீலன்கூட அறிக்கையில் தவறிப்போய் எழுதி அடித்திருக்கிறார்.

கிரைண்டர் கல் மறுபடி சுற்றவில்லை. மாவு கடையில் வாங்கினேன். புளித்துக் கிடந்தது.

செப்டம்பர் 14

அம்மோனியா குறையவில்லை. ரசமும் அப்பளமும்.

செப்டம்பர் 15

இன்றும் குறையவில்லை. குணசீலன் சிரித்துக்கொண்டே, "பாத்துக்கங்க மேடம்" என்றார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

செப்டம்பர் 22

காரணம் தெரிந்துவிட்டது. படுகைக்குள் போவதற்கு முன்பே வாயு ஆறிவிடுகிறது. குழாயைச் சுற்றியிருக்கும் வெப்பக் காப்பு ஓரிடத்தில் உளுத்துப் போயிருக்கிறது. இவரும் கலியமூர்த்தியும் பிரித்துக் கட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கலியமூர்த்தி வேலை செய்வதை இவ்வளவு கிட்டத்தில் இன்றுதான் பார்த்தேன். எந்த மூடியைக் கழற்றுவதாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு போல்ட்டைத் தளர்த்துவான். மூக்கை நீட்டுவான். சுருக்கென்று ஏறினால் உள்ளே வாயு இருக்கிறது, கையை எடுத்துவிட வேண்டும். ஏறாவிட்டால் வேலையைத் தொடங்கலாம். இங்கே எல்லா ஃபிட்டர்களுக்கும் இதுதான் பழக்கம், இவருக்கும்தான். எங்கள் வாயுவில் இருக்கும் விஷமான கார்பன் மோனாக்சைடை அளக்கிற மீட்டர் இருக்கிறது. இரண்டு வாங்கியதில் ஒன்று ரிப்பேருக்குப் போய்த் திரும்பவில்லை. இன்னொன்று அலுவலக அலமாரியில் கிடக்கிறது.

"மீட்டர் எதுக்கு மேடம், நெடிதான் எங்களுக்கு வாட்ச்மேன்" என்றான் கலியமூர்த்தி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, அம்மோனியா கூட வருவதால்தான் உனக்குத் தெரிகிறது என்று விளக்கினேன். "கூட வருதில்ல, அது போதும்" என்றான். கந்தக நெடியை ஏற்கனவே சுண்ணாம்புப் படுகையில் எடுத்துவிடுகிறோம். இவர்கள் மூக்குக்கு மிச்சம் இருப்பது அம்மோனியா மட்டும்தான்.

அக்டோபர் 5

குறைந்துவிட்டது. பத்து லட்சத்தில் இரண்டாயிரம் பங்கு இருந்தது, இன்று நாற்பதுகூட இல்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். சயனைடும் இல்லை. ஆய்வகத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். சந்தோஷமாக இருந்தது.

குணசீலன் எல்லோருக்கும் மிக்சரும் டீயும் சொன்னார். கலியமூர்த்தி இரண்டாவது டீயோடு வந்தான். அவன் வீடு காட்டுச்சாவடி காலனியில்தான் இருக்கிறது. சின்ன மகளுக்கு மழைக்காலம் வந்தால் இழுப்பு. "எங்க ஊரு பக்கம் இனிமே நல்ல காத்து வருமா மேடம்?" என்று கேட்டான். வரும் என்றேன். கிளாஸைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே இருந்தான். பிறகு, "அப்ப நாங்க இனிமே எத மோந்து பாக்கறது?" என்றான்.

"பொண்டாட்டி தலையில வச்ச பூவ மோந்து பாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கலியமூர்த்தியும் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. இவருக்கு என் வேடிக்கை எப்போதுமே பிடிக்காது.

சாப்பிடும்போது சொன்னார்: "மீட்டர் இன்னும் நாலஞ்சு வேணும் மங்கை. நான் கேட்டா வாங்க மாட்டாங்க. இந்த நேரத்துல நீ கேட்டா குணசீலன் மறுக்க மாட்டாரு."

கேட்கிறேன் என்றேன்.

அக்டோபர் 11

குணசீலனிடம் இன்று பேசத் தோதுப்படவில்லை. அதிகாரிகள் வரும் நாளுக்கான விளக்கப் படம், மேஜை விரிப்பு என்று அலைகிறார். மீட்டர் பேச்சை எடுத்தால் ஏதோ ஆபத்து என்று பயந்து படுகையையே நிறுத்தினாலும் நிறுத்துவார்.

அக்டோபர் 17

ஆயுத பூஜைக்காக ஆலையைக் கழுவிப் பெயின்ட் அடிக்கிறார்கள். அதோடு சேர்த்துக் குழாய்களிலும் பெயர் எழுதச் சொன்னார் குணசீலன். வருகிற அதிகாரிகளுக்குப் பார்த்ததும் புரிய வேண்டுமாம், தமிழிலும் இருக்க வேண்டுமாம். படுகைக்கு முன்னால் உள்ள குழாயில் 'கச்சா வாயு'. பின்னால் உள்ளதில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார்கள். ஆங்கிலத்தில் கிளீன் கேஸ் என்றுதான் சொல்வோம். 'சுத்த வாயு' என்று எழுதிக் கொடுத்தேன். பச்சைப் பட்டையில் வெள்ளை எழுத்து. தூரத்திலிருந்தே தெரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஆரம்பித்தார்.

"கீழயே விஷம்னும் ஒரு வார்த்த எழுதிடு."

"பரீட்சை பாக்க வர்றவங்க முன்னாடி விஷம்னு எழுதி வைக்கச் சொல்றீங்களா?"

"விஷந்தானே மங்கை. அம்மோனியாதான் போயிருக்கு."

"அது எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும்" என்றார். பிறகு கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டார். கோபம் வந்தால் இவர் துணி மடிப்பார். எல்லாவற்றையும் மடித்து, என் புடவையை மட்டும் அப்படியே விட்டிருந்தார்.

அக்டோபர் 23

ஆயுத பூஜை. ஆலையை முழுதாக நிறுத்த முடியாது, குறைந்த வேகத்தில் ஓடவிட்டுத்தான் பூஜை. ஸ்பானர், சுத்தியல், சங்கிலி எல்லாம் கழுவி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கலியமூர்த்தி ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவன் என் குழாயின் முன்னால் நின்றான். 'சுத்த வாயு' என்ற எழுத்துக்கு இரண்டு பக்கமும் சந்தனமும் குங்குமமும் வைத்தான். சூடம் காட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. பொரி, சுண்டல், பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். மகளுக்கு என்று இன்னொரு பொட்டலம் கேட்டு வாங்கிப் போனான்.

அக்டோபர் 24

விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து இன்றைக்கு ஏதாவது ஒரு வேலை தொடங்க வேண்டும் என்பது வழக்கம். படுகைக்குப் பின்னால் இருக்கும் வடிகட்டியின் மூடியைத் திறந்து துடைக்கப் போகிறார்களாம். இவர் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் குளித்துவிட்டுப் போக வேண்டும்.

அக்டோபர் 26

கலியமூர்த்தி இறந்துவிட்டான். இவருக்கு மூச்சு இருக்கிறது. கண் திறக்கவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம்.

அக்டோபர் 28

அன்று நடந்ததை மற்றவர்கள் சொன்னபடி எழுதுகிறேன்.

வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் வால்வை மூடியிருந்தார்கள். ஆனால் அது முழுக்க மூடவில்லை, உள்ளே வாயு கசிந்து நிறைந்திருக்கிறது. மூடி திறந்திருந்தது. கலியமூர்த்தி தலையை உள்ளே விட்டபடி சரிந்து கிடந்தான். இவர் அவனை இழுக்கப் போய் அவன் மேலேயே விழுந்திருக்கிறார். மூச்சுக்கருவி மாட்டிய ஆட்கள் வந்துதான் இரண்டு பேரையும் எடுத்தார்கள்.

இதற்கும் என் படுகைக்கும் சம்பந்தம் இல்லை. கார்பன் மோனாக்சைடு முன்பும் இதே அளவுதான் இருந்தது. நான் எதையும் கூட்டவில்லை, குறைத்திருக்கிறேன். வால்வு பழுது பராமரிப்புப் பிரிவைச் சேர்ந்தது.

மீட்டர் பற்றிக் குணசீலனிடம் சொன்னேனா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 30

அதிகாரிகள் வந்தார்களாம். தேறிவிட்டோம். இந்தப் பக்கத்தில் எந்த ஆலையிலும் இவ்வளவு குறைவாகப் பார்த்ததில்லை என்றார்களாம். குணசீலன் போனில் சொன்னபோது ஆஸ்பத்திரி நடையில் தலையணை உறை வாங்க நின்றுகொண்டிருந்தேன். "இந்த நேரத்துல சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருக்கு மேடம், ஆனா இது உங்க வெற்றி" என்றார். நன்றி என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

நவம்பர் 2

கண் திறந்தார். என்னைத் தெரிகிறது. தண்ணீர் கேட்டார். கலியமூர்த்தியைக் கேட்டார். நான் போர்வையை இழுத்துவிட்டதிலேயே தெரிந்துகொண்டார். சாயங்காலம் பேசினார். தெளிவாகத்தான் பேசினார்.

"நான் மீட்டர் எடுக்கத்தான் ஆபீசுக்குப் போனேன். வர வரைக்கும் தொடாதடான்னு சொல்லிட்டுத்தான் போனேன். அவன் அந்த எழுத்தக் காட்டி, இது சுத்தமான வாயு அண்ணே, என்ன பண்ணிடப் போவுதுன்னு சிரிச்சான். மோந்தும் பாத்திருப்பான். திரும்பி வரேன், மூடி திறந்து கெடக்கு."

பிறகு தூங்கிவிட்டார். நர்ஸ் வந்து பாட்டிலை மாற்றினாள்.

நவம்பர் 6

காட்டுச்சாவடி காலனிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாது. கலியமூர்த்தியின் மனைவி செந்தாமரை என்னைப் பாயில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டிலிருந்து காபி வாங்கி வந்து கொடுத்தாள். காற்று நன்றாக இருந்தது. அந்தக் காலனியில் நெடி இல்லாமல் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. சின்ன மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள், இருமவில்லை.

"பூசை அன்னைக்கு வந்து சொன்னாரு மேடம். இனிமே என் வேலையில பயமில்ல, மங்கை மேடம் வாயுவையே சுத்தம் பண்ணிட்டாங்க, குழாயிலயே எழுதிப் போட்டுட்டாங்கன்னாரு. சுத்தம்னுதானே மேடம் போட்டிருந்திச்சி? அப்புறம் எப்பிடி?"

அம்மோனியா வேறு, கார்பன் மோனாக்சைடு வேறு என்று சொல்லத் தொடங்கினேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டேன். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 10

தொழிற்சாலை ஆய்வாளர் ஆஸ்பத்திரிக்கே வந்து இவரிடம் வாக்குமூலம் வாங்கினார். குணசீலனும் கூட வந்திருந்தார். நான் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வாயு விஷம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"எறந்துபோனவருக்குத் தெரியுமா? குழாய்ல சுத்த வாயுன்னு எழுதியிருக்கே, அதப் பாத்து ஏமாந்துட்டாரா?"

நான் உரிப்பதை நிறுத்தினேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அதெல்லாம் இல்ல சார். அவன் படிக்கவே மாட்டான். நான்தான் தொறக்கச் சொன்னேன். மீட்டர் வேணாம், நேரமாவுது, தொறன்னு நான்தான் சொன்னேன்."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். வாசித்துக் காட்டினார். இவர் கையெழுத்துப் போட்டார். குணசீலன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "சாப்ட்டியா?" என்றார். மறுபடி கேட்டேன். "அந்த எழுத்த அழிக்கச் சொல்லு. நீ இதுல எதுவும் பேசாத" என்றார்.

விஷ வாயு மூளையைத் தொட்டிருப்பதால் நினைவு முன்னே பின்னே இருக்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். நவம்பர் இரண்டாம் தேதி சொன்னது சரியா, இன்று சொன்னது சரியா என்று நான் எப்படித் தீர்மானிப்பது? நான் அந்த இடத்தில் இருக்கவில்லை.

நவம்பர் 13

எழுத்தை அழித்துவிட்டார்கள். நான் சொல்வதற்கு முன்பே குணசீலன் அழிக்கச் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 19

இவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அறிக்கையும் வந்துவிட்டது. ஃபோர்மேனின் கவனக்குறைவு. வேலையிலிருந்து நீக்கம், இவர் மேல் வழக்கும் வரலாம்.

மாலையில் செந்தாமரை வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நேராக இவர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீங்கதான் தொறக்கச் சொன்னீங்களாமேண்ணே?"

இவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"வீட்டுல உங்க பேச்சுத்தான் எந்நேரமும். அண்ணன் கூட இருந்தா எனக்கு ஒண்ணும் ஆவாதும்பாரு."

அவள் சத்தம் போட்டு அழுதிருந்தால் தேவலை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல மேடம். எம்பொண்ணு ராத்திரியில நல்லா தூங்குது. நீங்க நல்லா இருக்கணும்."

அவள் கை சூடாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று. நான் சொல்லவில்லை. தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 27

சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நின்றார். நேற்று நன்றாகப் போட்டார்.

நவம்பர் 30

டாக்டர் சொன்னார், இந்த விஷத்தில் சிலருக்கு இப்படி ஆகுமாம். தேறி வந்து, சில வாரம் கழித்து மறுபடி இறங்கும். எவ்வளவு தூரம் இறங்கும் என்று சொல்ல முடியாதாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்.

டிசம்பர் 4

காலையில் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். கல்யாணமாகி இருபது வருடத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன என்று கேட்டேன்.

"நான்தான் மங்கை தொறக்கச் சொன்னேன். அவன் வேணாம் அண்ணேன்னான். மீட்டர் எடுத்தாரேன்னான். நான் கேக்கல. தொறடான்னு அதட்டினேன். அவன் மொகம் அப்பிடியே நிக்குது."

அப்படி நடக்கவே இல்லை. நடக்காததை இவர் கண்ணால் பார்க்கிறார். அவன் பேசாத வார்த்தைகள்கூட இவருக்குக் காதில் கேட்கின்றன. ஆய்வாளரிடம் எனக்காகச் சொன்னது உள்ளே போய் நினைவாகவே உட்கார்ந்துவிட்டது. நவம்பர் இரண்டாம் தேதி என்னிடம் சொன்னது துளிகூட மிச்சமில்லை. இனி அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுத்தம் என்று எழுதிக் கொடுத்தது நான். விஷம் என்று சேர்க்கச் சொன்னது நீங்கள், மறுத்தது நான். மீட்டர் கேட்கச் சொன்னீர்கள், நான் குணசீலனிடம் கேட்கவே இல்லை. நீங்கள் அவனைத் தொடாதே என்று சொல்லிவிட்டு மீட்டர் எடுக்கத்தான் போனீர்கள். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். நாளைக்கே ஆய்வாளரிடமும் செந்தாமரையிடமும் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார். குழந்தை சொல்லும் கதையைக் கேட்பதுபோல் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தலையில் கை வைத்துத் தடவிக் கொடுத்தார்.

"எனக்காகப் பொய் சொல்லாத மங்கை" என்றார்.